ஆயா காக்காயைத் திட்டிய சொல்

கருவாடு காயவைப்பதில் பாதி வேலை காக்காய் விரட்டுவதுதான். கடலூர் முதுநகரை ஒட்டிய எங்கள் குப்பத்தில், கிழிந்த வலையை மணலில் விரித்து, உப்புத் தொட்டியில் கிடந்து வந்த வாளையை ஒரு பக்கமும் உப்பே படாத நெத்திலியை இன்னொரு பக்கமும் பரப்பிவிட்டு, ஆயா ஓலைத் தட்டி நிழலில் உட்கார்ந்திருக்கும். கையில் நீளமான சவுக்குக் குச்சி. காக்காய் இறங்கும். ஆயா குச்சியைத் தரையில் தட்டும். காக்காய் ஓரடி தள்ளி நின்று ஆயாவையே பார்க்கும். அப்போது ஆயா அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுக்கும்: "ஏய் கம்னாட்டி! போறியா, எந்திரிச்சி வரட்டுமா?"

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். ஆயா வந்துச்சி, ஆயா சொல்லுச்சி என்றுதான் பேசுவோம். இலக்கணப்படி அது அஃறிணை. எங்களுக்கு அதுதான் நெருக்கம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நான் முதலில் கற்றுக்கொண்ட கெட்ட வார்த்தை அதுதான். கெட்ட வார்த்தை என்றே பல வருஷம் தெரியாது. காக்காய்க்கு, ஆட்டுக்கு, சொன்ன பேச்சு கேட்காத பேரப்பிள்ளைக்கு ஆயா வைத்திருந்த பொதுப்பெயர் என்று நினைத்திருந்தேன். திருப்பாப்புலியூரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது எங்கள் கும்பலுக்குள் வந்துவிட்டது. அப்புறம் புதுச்சேரியில் கல்லூரி, அங்கேயே வேலை. எல்லா இடத்திலும் அந்தச் சொல் எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது. "கம்னாட்டி, சாப்பிட்டியாடா?" என்றால் அக்கறை. "கம்னாட்டிப் பய, ஜெயிச்சிட்டாண்டா" என்றால் பெருமை. எங்கள் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கே முதலில் கம்னாட்டிகள் சங்கம் என்றுதான் பெயர் இருந்தது.

போன மாதம்கூட கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற பஸ்ஸில், கன்னியக்கோயில் தாண்டியதும், எனக்கு முன்சீட்டில் ஒரு பையன் போனில் பேசிக்கொண்டிருந்தான். யாருக்கோ உடம்பு சரியில்லை போல. மாத்திரையை நேரத்துக்குப் போடு, தண்ணி நிறையக் குடி என்று பத்து நிமிஷம் தாயைப் போலச் சொல்லிவிட்டு, கடைசியில், "சரி வைடா கம்னாட்டி, வீட்டுக்குப் போய்ட்டுக் கூப்புடு" என்றான். பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

அதன் பொருள் எனக்குத் தெரிய வந்தது புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில். 1827இல் தொடங்கிய நூலகம் அது. கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் மதியத்தை அங்கேதான் கழிப்பேன். வேறு ஏதோ சொல்லுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனைப் புரட்டியபோது, அந்தப் பெரிய பக்கத்தில், பொடி எழுத்தில், எங்கள் கும்பலின் சொல் இருந்தது. கம்மனாட்டி என்றால் கைம்பெண். கணவனை இழந்தவள்.

நான் புத்தகத்தை மூடவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயாவுக்குத் தாலி அறுந்தபோது வயது 26. என் அப்பாவுக்கு நாலு. தாத்தா போன கட்டுமரம் மட்டும் இரண்டு நாள் கழித்துக் கரைக்கு வந்தது என்று வீட்டில் சொல்வார்கள்.

கைம்பெண்டாட்டி என்று முழுசாக ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். வேகமாகச் சொல்லிப் பார்த்தால் கைம்பொண்டாட்டி, கைம்மனாட்டி, கம்மனாட்டி என்று நாக்கு தானாகவே தேய்த்துக்கொண்டு போகும். இப்போது நாங்கள் சொல்வது கம்னாட்டி. இந்தத் தேய்மானத்தில் எது போயிற்று என்று கவனித்தால் மனசு கஷ்டமாகிவிடும். கைம் என்பதில் பாதி நிற்கிறது, ஆட்டி முழுசாக நிற்கிறது. நடுவில் இருந்த 'பெண்' மட்டும் இருந்த தடம் இல்லாமல் கரைந்துவிட்டது. அது கரைந்ததால்தான் அந்தச் சொல்லை ஆணைப் பார்த்துச் சொல்ல முடிகிறது, காக்காயைப் பார்த்துச் சொல்ல முடிகிறது.

ஒரு வசை இலேசாவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. நாளுக்கு நூறு தடவை சொன்னால் எந்தச் சொல்லும் மழுங்கும். ஆனால் இந்தச் சொல்லைப் பொறுத்தவரை எனக்குப் படுவது இது: யாருக்குப் பொருந்தாதோ அவரிடம் சொல்லும்போதுதான் அது விளையாட்டாகிறது. என் நண்பன் கைம்பெண் ஆகவே முடியாது. அதனால் சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே காயம் பட இடமே இல்லை. திட்டியும் கோபப்படாதவன்தான் நெருங்கிய நண்பன் என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இப்படித்தான் ஒரு வசை உறவுமுறை மாதிரி ஆகிவிடுகிறது. மச்சான் என்று கூப்பிடுகிற அதே வாய், அதே குரலில், கம்னாட்டி என்றும் கூப்பிடுகிறது.

முண்டை என்ற சொல்லும் இதே வீட்டுச் சொல்தான். தலையை மழித்தவள், அதனால் கணவன் இல்லாதவள். இன்றைக்கு எங்கள் ஊரில் பெற்ற மகளைக் கொஞ்சும்போது, "போடி முண்ட, பொல்லாதவ" என்று சொல்கிற அம்மாக்கள் உண்டு. மகள் நூறு வருஷம் சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று அம்மன் கோயிலில் விளக்குப் போடுகிறவர்களும் அவர்கள்தான்.

சொற்கள் எதிர்த்திசையிலும் போகும். ஆண்டாள் கண்ணனின் வாயைப் பற்றிச் சங்கிடம் கேட்கிறாள், கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ என்று. அவளுக்கு நாற்றம் என்றால் மணம். இன்று மீன் மார்க்கெட்டில் நாறுது என்றால் மூக்கைப் பொத்துவோம். மயிர்நீப்பின் வாழாக் கவரிமா என்று மானத்தைப் பற்றிச் சொல்லும்போது வள்ளுவர் கூசாமல் எழுதிய சொல்லை இன்று பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது, முடி என்றுதான் சொல்ல வேண்டும்.

அகராதியைப் பார்த்த பிறகு நான் கைம்மை என்ற சொல்லைத் தேடிக்கொண்டே போனேன். புறநானூற்றில் 246ஆவது பாட்டு, பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவன் இறந்துவிட்டான். சிதையில் ஏறப் போகிறவளைச் சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவள் அவர்களிடம், உயிரோடு இருந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று பட்டியல் போடுகிறாள். நெய் படாமல் கையால் பிழிந்து எடுத்த நீர்ச்சோறு, எள்ளுத் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, படுக்கப் பாய்கூட இல்லாமல் பருக்கைக்கல். அந்த வாழ்க்கைக்கு இந்த நெருப்பே மேல், எனக்குத் தாமரைக் குளமும் தீயும் ஒன்று என்கிறாள். ஓர் அரசிக்கே அதுதான் கதி. கைம் என்ற அந்தச் சின்ன எழுத்துக்குள் இவ்வளவு பசி இருக்கிறது.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆயாவிடம் கேட்டேன். கேட்கலாமா என்று இரண்டு நாள் தயங்கிவிட்டுத்தான் கேட்டேன். அன்றைக்கும் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஆயா அப்போதுதான் ஒரு காக்காயைத் திட்டி முடித்திருந்தது.

"ஆயா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா ஒனக்கு?"

ஆயா குச்சியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. "எனக்குத் தெரியாம ஒனக்காடா தெரியும்?"

அப்புறம் சொன்னது. தாத்தா போன மறுவருஷம். விடியற்காலை மூணு மணி இருக்கும். தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வெளியே வந்தது. எதிரே தாத்தாவின் பங்காளி ஒருவர் தோளில் வலையோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆயாவைப் பார்த்ததும் நின்றார். வலையை மணலில் போட்டார். "காலங்காத்தால கம்னாட்டி மூஞ்சில முழிச்சாச்சி. இனிமே என்னாத்த மீன் படும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அன்றைக்குக் கடலுக்குப் போகாத நஷ்டமெல்லாம் ஆயா கணக்கில் ஏறியது. ஊரே சொல்லிக் காட்டியது.

அதற்கப்புறம் ஆயா கட்டுமரங்கள் எல்லாம் கிளம்பி முடிக்கிற வரைக்கும் வெளியே வராது. கதவுக்குப் பின்னால் நின்று, மணலில் கட்டை இழுக்கிற சத்தம் ஓய்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். மீன் கரைக்கு வந்த பிறகும் ஏலத்தில் முதல் ஆளாகப் போய் நிற்க முடியாது. ஆயா கையால் போணி ஆவதை யாரும் விரும்பவில்லை. நாலு கூறு போன பிறகுதான் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்குள் வஞ்சிரம், வவ்வால் எல்லாம் போயிருக்கும். மிச்சம் இருப்பது பொடி மீனும் நசுங்கியதும். அதைப் பச்சையாக விற்றால் விலை போகாது. உப்புப் போட்டுக் காயவைத்தால் நாலு காசு பார்க்கலாம்.

ஆயா கருவாட்டுக்காரி ஆனது இப்படித்தான். எங்கள் அப்பாவைப் படிக்கவைத்த கருவாடு, என் பள்ளிக்கூடச் சட்டையில் வாசம் வந்துவிடுமோ என்று நான் பயந்த அந்தக் கருவாடு, அந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது.

"அப்புறம் ஏன் ஆயா நீயே அதச் சொல்ற?" என்று கேட்டேன்.

"அது காக்காவச் சொல்றது. காக்காவுக்கு என்னாடா, புருசனா தாலியா? என்னெச் சொன்னப்ப அது வேற சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதான ஆயா?"

"படிச்சவனுக்கு ஒண்ணா இருக்கும். எனக்கு எழுதத் தெரியாது. காதுல எப்டி விழுந்துச்சோ அதான்."

இதற்கு மேல் ஒரு மொழியறிஞரும் எனக்குச் சொல்லித் தர முடியாது என்று இன்றும் நம்புகிறேன். எழுத்தில் ஒன்றாக இருப்பது காதில் இரண்டாக இருக்க முடியும். வெறும் பழக்கத்தால் ஆயா அதைச் சொல்லியிருக்கலாம். தன் மேல் எறிந்த கல்லை எடுத்துக் காக்காய் மேல் எறிந்து எறிந்து மழுக்கியதாகவும் இருக்கலாம். நான் இரண்டாவதைத்தான் நம்ப விரும்புகிறேன்.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயாவிடம் இன்னொரு சொல்லும் இருந்தது. நான் கீழே விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தால், "அடப்பாவி சண்டாளா, என்னாடா பண்ணிக்கின" என்று கண்ணில் தண்ணீரோடு மஞ்சள் பூசும். ஆயா சொன்னதில் பாசம் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனால் அது பட்டியல் சாதி ஒன்றின் பெயர். 2024 ஜூலையில் தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், அந்தச் சொல்லைப் பேச்சிலும் பாட்டிலும் வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தியபோது எனக்கு ஆயா பூசிய மஞ்சள்தான் ஞாபகம் வந்தது. ஒரு சொல்லால் அத்தனை அடிபட்ட ஆயா, இன்னொருவரை அடிக்கிற சொல்லைக் கையில் வைத்திருப்பது தெரியாமலே வைத்திருந்தது. இங்கிலீஷ் பேப்பரில் யாரும் சேர்த்துக்கொள்ளாத நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் பறை அடித்த மக்களின் பெயர் அது. எழுதுகிறவருக்கு அது வெறும் ஒரு சொல். படிக்கிற எல்லோருக்கும் அப்படி இருக்காது.

ஆயாவிடம் கேட்ட அந்தப் பொங்கலுக்குப் பிறகே கம்னாட்டி என்ற சொல்லை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வாட்ஸ்அப் குழுவின் பெயரை மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். மாற்றினார்கள். பேச்சில் வருவதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. எனக்கே இரண்டு மூன்று வருஷம் ஆனது.

2021இல், கொரோனா இரண்டாம் அலையில், என் நண்பனுடைய அக்காவின் கணவர் இறந்துபோனார். அக்காவுக்கு 31 வயது. ஒரு பெண் குழந்தை. புதுச்சேரியில் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். நண்பர்கள் அந்த வீட்டுக்குப் போகும்போது நான் பயந்துகொண்டே இருப்பேன். எவனாவது வாய்தவறிச் சொல்லிவிடுவானோ என்று. சொன்னான். கேரம் ஆடிக்கொண்டிருந்தபோது, "ஆட்றா கம்னாட்டி" என்று ஒருவன் கத்தினான். அக்கா பக்கத்தில்தான் தோசை வைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அக்கா சிரித்தார். "அவன் ஆடுனா நீங்கள்லாம் காலிடா கம்னாட்டிங்களா" என்றார்.

அவருக்கு அந்தச் சொல்லின் பழைய பொருள் தெரியவே தெரியாது. நான் இத்தனை நாள் அவருக்காகத் தூக்கிச் சுமந்ததில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. சொல் உண்மையிலேயே மாறிவிட்டது என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். ஒரு கைம்பெண்ணின் வாயில் அது வெறும் செல்லம். நான் போய் அவரிடம் அகராதியைக் காட்ட வேண்டுமா? அதைவிடக் கொடுமை இருக்க முடியாது. சொல்லவில்லை.

விதவை என்ற சொல்லில் ஒரு பொட்டுக்கூட இல்லை, கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டு இருக்கிறது என்று கலைஞர் சொன்னதாக மேடைகளில் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் 2022இல் அமைத்த நல வாரியத்தின் பெயரிலும் கைம்பெண்கள் என்றுதான் இருக்கிறது. அந்தக் கைம்தான் இந்தக் கம். மரியாதைக்கு எடுத்துக்கொண்ட சொல்லும் தெருவில் தேய்ந்த சொல்லும் ஒரே வயிற்றில் பிறந்தவை. எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு.

ஆனால் அந்தச் சந்தோஷம் அதே வீட்டில் இன்னொரு நாள் கெட்டது. நண்பனின் மனைவிக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. வளையல் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனது அக்காதான். நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். கடையில் ஒவ்வொரு சரமாக எடுத்துத் தன் விரல்களைக் குவித்து நுழைத்துப் பார்த்து, "அவளுக்கு ரெண்டு ஆறு சரியா இருக்கும், இப்போ கை கொஞ்சம் வீங்கியிருக்கு, ரெண்டு எட்டும் ஒரு டஜன் குடுங்க" என்றார். பச்சையும் சிவப்பும் கலந்து எடுத்தார். விழா அன்று ஒன்பது பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். அக்கா சமையலறையில் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தார். யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லை. ஒரு சொல்கூட யார் வாயிலிருந்தும் வரவில்லை. அக்காவும் கேட்கவில்லை. வளையல் சத்தம் வரும்போதெல்லாம் கரண்டி கொஞ்சம் நின்று நின்று போனது.

ஆயா கதவுக்குப் பின்னால் நின்றது. அக்கா சமையலறையில் நின்றார். நடுவில் அறுபது வருஷம்.

தேவரடியார் என்று கோயில் கல்வெட்டுகளில் மதிப்பாக எழுதப்பட்ட பெயர், தேய்ந்து, பெண்களைத் திட்டுகிற மிக மோசமான வசையாகி நிற்கிறது. 1947இல் சட்டம் போட்டு அந்த வழக்கத்தையே ஒழித்துவிட்டார்கள். வழக்கம் போனது, வசை போகவில்லை. எங்கள் கம்னாட்டியில் தலைகீழாக நடந்திருக்கிறது. வசை போய்விட்டது, வழக்கம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுட்டிக் காட்டிச் சண்டை போட இப்போது அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. பங்காளி வாய்விட்டுச் சொன்னார், அதனால் ஆயாவுக்கு யார் சொன்னது, என்ன சொன்னது என்று தெரிந்தது. அக்காவுக்கு யாரைக் கேட்பது?

போன வருஷம் என் மனைவிக்கு வளைகாப்பு, அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டில். முதல் வளையல் யார் போடுவது என்று கேட்டபோது, "அக்காதான்" என்றாள் அவள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்காவோடு அவளுக்குத் தனியாக ஒரு சிநேகம். அக்கா வழக்கம்போல உள்ளே இருந்தார். என் மனைவி மணையில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள். இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை. மூன்றாவது முறை, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. என் பெரியம்மா, ஆயாவின் மூத்த மருமகள், எழுபது வயசு, குப்பத்தைத் தாண்டாதவர், வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். மூடிக்கொண்டார்.

அக்கா கீழே உட்கார்ந்து, சரத்திலிருந்து ஒரு பச்சை வளையலைக் கழற்றினார். அது கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கைல மொதல்ல போடணும்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"வலது கைம்மா" என்றார் பெரியம்மா.